தட்டின் ஓரத்துச் சுருள் இலை: மட்டக்களப்பு வாவிக்கரையில் பாஸ்லி குறித்த ஓர் ஆய்வு

எட்டுத் தட்டு வந்தது. எட்டுக் கொத்தும் அப்படியே திரும்பிப் போயிற்று.

பாசிக்குடாப் பக்கத்து விடுதியொன்றில் மச்சானுடைய மகளின் கலியாண விருந்து. பொரித்த கொடுவாத் துண்டு, அதன்மேல் தேசிக்காய் வட்டம், தட்டின் ஓரத்தில் சுருட்டையாய் ஒரு பச்சை இலைக்கொத்து. மீன் தீர்ந்தது. தேசிக்காயைப் பிழிந்தார்கள். முள்ளைக்கூடச் சப்பினார்கள். இலையை ஒருவரும் தொடவில்லை. ஏழு வயது மருமகன் மட்டும் ஒரு நுனியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, தாயின் சேலைத் தலைப்பில் அதைப் பத்திரமாகத் திருப்பி ஒப்படைத்தான்.

பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டேன்.

“இதென்ன தம்பி?”

“பாஸ்லி, சேர்.”

“திங்கிறதா?”

“இல்ல சேர். வடிவுக்கு.”

வடிவுக்கு! இந்த ஆய்வு அந்தச் சொல்லில் பிறந்தது. தின்னக்கூடிய ஒன்றைத் தின்னாமல் வடிவுக்கு வைப்பது எங்கள் ஊர் மரபில் உண்டா? கலியாண வாசலில் கட்டுகிற வாழைகூட மறுநாள் வடிவாக நிற்பதில்லை. பொத்தி சுண்டலுக்குப் போகும், குலை பழுக்கப் போகும், மிச்சத்தை மாடு பார்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட மண்ணில் ஓர் இலை சமையலறையிலிருந்து மேசைக்கு வந்து, மேசையிலிருந்து குப்பைக்குப் போவதென்றால் அதற்கு வரலாற்றுக் காரணமோ தாவரவியல் காரணமோ இருந்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் யாரோ பிழை விட்டிருக்கிறார்கள். மீன் பாடுகிறதா என்று பார்க்க நிலாக் காலத்தில் தோணியேறி, துடுப்பை நீருக்குள் விட்டு, அதன் மறுநுனியில் காதை வைத்துக் கேட்ட ஊர் இது. ஓர் இலை ஏன் மிஞ்சுகிறது என்று கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பெயராய்வு

தமிழில் எந்த ஆய்வும் பெயரிலிருந்துதான் தொடங்கும். அங்கேயே முடிந்துபோனவையும் உண்டு. பசுமையும் இலையும் புணர்ந்தால், ஈறு கெட்டு, முதல் நீண்டு ‘பாசிலை’ ஆகும் என்பது நன்னூல் படித்தவருக்குத் தெரியும். சங்கப் பாட்டுகளில் பாசிலை ஏராளம். அந்தப் பாசிலைதான் வெள்ளைக்காரர் வாயில் விழுந்து ‘பாஸ்லி’ ஆயிற்று என்று நிறுவ எனக்கு ஒரு பின்னேரமும் இரண்டு பிளேன்டீயும் போதுமாயிருந்தன. ஆகவே சுருள் பாஸ்லி என்பது சுருட்பாசிலை. அது பாசிக்குடாவில் பரிமாறப்பட்டது தற்செயலன்று. பாசி, பாசிக்குடா, பாசிலை மூன்றும் ஒரே வேர். மூன்று பக்கம் எழுதி முடித்த பிறகு அகராதியைத் திறந்து பார்த்தேன். நல்ல ஆய்வாளர்கள் செய்யாத காரியம்.

கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் பாறை, ‘செலினோன்’ என்றால் செலரி. பாறைச் செலரி, பெட்ரோசெலினோன். அது இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய்த் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது பாஸ்லி. துருக்கியர் ‘மைதனோஸ்’ என்கிறார்கள், லெபனான்காரர் ‘பக்தூனிஸ்’ என்கிறார்கள். இரண்டுமே ‘மசிடோனியாக் கீரை’ என்ற பொருளில் பிறந்த சொற்கள். தாவரவியல் பெயர் பெட்ரோசெலினம் கிறிஸ்பம். கிறிஸ்பம் என்றாலே சுருண்டது என்றுதான் பொருள். எனவே ‘சுருள் பாஸ்லி’ என்பதை இலத்தீனில் சொல்லப்போனால் நடுச்சென்டர் கதைதான். பாசிலைக் கொள்கையை நான் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. கைவிட வேண்டுமென்பாரும் உளர்.

முந்தைய ஆய்வுகள்

இல்லை. (இக்கூற்று பின்னர் திருத்தப்பட்டது. கடைசி இயலைக் காண்க.)

வரலாறு

போத்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அந்தப் பத்து வருசத்திலும், இலங்கைத் தீவின் மற்றக் கரைகளில் போத்துக்கேயர் இருந்த ஒன்றரை நூற்றாண்டிலும், அவர்கள் எங்கள் வீட்டுக்குள் விட்டுப்போனவற்றைப் பாருங்கள். விறாந்தையில் கதிரை, அறையில் அலுமாரி, சுவரில் யன்னல், காலில் சப்பாத்து, காலையில் பாண். வீட்டின் பின்பக்கத்துக்கே ‘குசினி’ என்று அவர்கள்தான் பெயர் வைத்தார்கள். குசினிக்குள் இலைவகையும் விட்டுப்போயிருக்கிறார்கள்: கோவா அவர்களுடைய சொல், சலாது அவர்களுடைய சொல். அடுத்து வந்த ஒல்லாந்தர் போஞ்சியைத் தந்தார்கள். இன்றைக்கும் மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் போத்துக்கேயக் கிரியோல் மொழி கேட்கும்.

பாஸ்லிக்குப் போத்துக்கேயத்தில் ‘சல்சா’ என்று பெயர். லிஸ்பன் பக்கத்துக் குசினி அது இல்லாமல் நடக்காது. அப்படியானால் கோவா வந்தது, சலாது வந்தது, சல்சா ஏன் வரவில்லை? கதிரையைக் கப்பலில் ஏற்றியவர்களுக்கு ஒரு பிடி விதை பாரமா?

என் கருதுகோள் எளிது. கொண்டுவந்திருப்பார்கள். விதைத்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அது முளைப்பதற்குள் ஒல்லாந்தர் வந்துவிட்டார்கள்.

சிரிக்க வேண்டாம். பாஸ்லி விதை முளைக்க மூன்று கிழமை தொடக்கம் ஐந்து கிழமை வரை எடுக்கும். விதைத்தோலிலேயே முளைப்பதைத் தடுக்கும் இரசாயனம் இருக்கிறது. அது கழுவிப்போகும் வரை உள்ளே இருப்பவர் எழும்ப மாட்டார். இங்கிலாந்துக் கிராமத்தார் இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள்: விதை ஒன்பது தரம் பிசாசிடம் போய்த் திரும்பிய பிறகுதான் மண்ணுக்கு மேலே வருமாம். ஏழு தரம் என்று சொல்வாரும் உண்டு. ஒன்பது தரம் நரகத்துக்குப் போய்வருகிற விதை எங்கள் கச்சான் காற்றுக்கு மட்டும் ஏன் பயப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

பழைய கிரேக்கருக்கும் இந்த இலையில் ஒரு பயம் இருந்தது. கல்லறைகளில் அதைச் சூட்டுவது வழக்கம். சிசிலியில் தைமோலியன் என்ற தளபதி படை நடத்திப் போகையில் இந்தக் கீரையைச் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரே வந்தனவாம். வீரர்கள் சகுனப் பிழையென்று நடுங்கிவிட்டார்கள். அவர் அதிலேயே ஒரு கொத்தைப் பிடுங்கி முடியாகச் சூடி, வென்றவர்களுக்குச் சூட்டுவதும் இதைத்தானே என்று சொல்லிப் படையைத் தேற்றினார். புளூட்டாக் எழுதிவைத்த கதை. அது பாஸ்லி அன்று, காட்டுச் செலரி என்று பொருள் கொள்வாரும் உளர். அவர்கள் சொல்வதே சரியாயிருக்கக்கூடும். ஆனாலும் தின்னாமல் வடிவுக்கு வைக்கும் வழக்கம் பாசிக்குடாவுக்கு எவ்வளவோ முன்னரே தொடங்கிவிட்டது என்பது இதனால் பெறப்படும்.

இன்னொரு செய்தியையும் பதிய வேண்டும். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்து மாதிரியிலேயே பண்ணை போட முனைந்தார். அதே 1848 செப்டம்பரில் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்பு வாவியில் இறங்கி, நீருக்குள்ளிருந்து எழும் இசையைக் கேட்டு எழுதிவைத்தார். ஒருவர் விதையோடு மலைக்கு ஏறினார். மற்றவர் காதோடு வாவிக்கு இறங்கினார். எங்கள் பங்குக்குப் பாட்டு வந்தது. கீரை மலைக்குப் போயிற்று. விடுதித் தட்டுக்கு இந்த இலை இன்றும் மலைநாட்டிலிருந்துதான் வந்திறங்குகிறது.

களம்

களம் எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பட்டியில், என் வளவு. படுவான்கரையில் ஒரு களம் எடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்வார்கள். அங்கே நல்ல வயல்மண். இங்கே மணல், தென்னை, கோடையில் உவர் தட்டுகிற கிணறு. வசதியான களத்தில் எவரும் பயிர் செய்யலாம்.

முதல் விதைப்பு வைகாசியில். கொழும்பிலிருந்து மச்சான் வாங்கிவந்த பொதியின் முதுகில் ‘குளிர்ந்த இடத்தில் விதைக்கவும்’ என்று இருந்தது. வைகாசியில் மட்டக்களப்பில் குளிர்ந்த இடம் எதுவென்று தேடினேன். ஊரெல்லாம் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கிற மாதம். அம்மனையே குளிர்விக்க வேண்டியிருக்கிற மாதத்தில் விதையை யார் குளிர்விப்பது? ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, தேசி மரத்து நிழலில் பாத்தி கட்டிப் போட்டேன். மேற்கே இருந்து கச்சான் அடிக்கத் தொடங்கியது. கோவில் வாசலில் வறுத்து விற்கிற கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை, இரண்டிலும் வறுபடுதல் உண்டு.

இருபதாம் நாள் பெத்தா விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

“மனே, வெறும் மண்ணுக்கு ஏன்டா தண்ணி ஊத்துறாய்? அதுக்கும் தாகமா?”

“விதை போட்டிருக்கன் பெத்தா.”

“என்ன விதை?”

“பாஸ்லி. ஒரு கீரை.”

“கிணத்தடில கீரை மண்டிக் கிடக்கு. மறுகா என்னத்துக்குக் கீரை?”

இந்தக் கேள்வி அப்போது பதிவேட்டில் ஏறவில்லை. ஏற்றியிருந்தால் ஆய்வு அன்றைக்கே முடிந்திருக்கும்.

முதல் விதைப்பில் முளைத்தது சுழியம். காரணங்கள் தெளிவானவை. பாஸ்லிக்குப் பிடித்த வெப்பம் 15 முதல் 25 பாகை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 அளவில் நிற்கும். எங்கள் மணல் மத்தியானத்தில் செருப்பில்லாமல் மிதிக்க ஏலாது. உவர்த் தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இரண்டாம் விதைப்பு கார்த்திகையில். இம்முறை பாத்தி வேண்டாமென்று ஓரடி ஆழமுள்ள சாடிகள் எடுத்தேன். பாஸ்லிக்கு ஆணிவேர், ஆழம் வேண்டும், பிடுங்கி நட்டால் கோபம் வரும். மணல் ஒரு பங்கு, உக்கின மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. காலை வெயில் மட்டும் படுகிற இடம். எண்ணி நாற்பது விதை. பிறகு மாரி பிடித்தது. வாவி ஏறி, முகத்துவாரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று ஊரே கதைத்துக்கொண்டிருந்த நாட்களில், நான் சாடிகளை ஒவ்வொன்றாக விறாந்தைக்குத் தூக்கிக்கொண்டிருந்தேன். இருபத்தாறாம் நாள் முதல் முளை.

நாற்பதில் முளைத்தவை 11. அவற்றுள் பக்கத்து வளவு நாட்டுக்கோழி ஆராய்ந்து தள்ளியவை 5. மாரி நத்தை தின்றவை 3. மிஞ்சியவை 3. நாட்டுக்கோழிக்கு இலையின் பயன் தெரிந்திருக்கிறது, விடுதி விருந்தாளிக்குத் தெரியவில்லை என்பது இடைக்கால முடிவு.

மாசி பிறக்கும்போது மூன்று செடியும் ஒரு சாண் உயரத்துக்கு வந்து சுருண்டு நின்றன. பெத்தா கிட்ட வந்து குனிந்து பார்த்தா.

“இதென்ன மனே, தலை வாராத புள்ளையப் போல கிடக்கு!”

தாவரவியலாளர் எவரும் சுருள் பாஸ்லியை இவ்வளவு சுருக்கமாக வருணித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சுருளுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஐரோப்பாவில் தட்டை இலைப் பாஸ்லியைப் போலவே ஒரு நச்சுக்களை உண்டு. ஆள் மாறி அதைப் பிடுங்கித் தின்றுவிடாதிருக்கச் சுருள் இலையையே தோட்டத்தில் வளர்ப்பது நல்லதென்று கருதினார்கள். சுருட்டை அதன் அடையாள அட்டை. வடிவு பிறகு வந்தது.

செடியைப் பற்றி இன்னும் ஒன்று. இதற்கு ஆயுள் இரண்டு வருசம். முதல் வருசம் இலை, இரண்டாம் வருசம் பூ. பூக்க வேண்டுமானால் நடுவில் சில கிழமை நல்ல குளிர் பட வேண்டும். மார்கழி வாடைக்கே நாங்கள் போர்வை தேடுகிறோம், ஆனால் செடி அதைக் குளிரென்று கணக்கெடுப்பதில்லை. ஆகையால் இங்கே பூவும் இல்லை, விதையும் இல்லை. ஒவ்வொரு முறையும் மச்சானைத்தான் கேட்க வேண்டும்.

உறவுமுறை

கிணத்தடிக் கீரைக்கு இப்போது வருவோம். அது வல்லாரை. யாரும் நட்டதில்லை. குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வழியில் ஓடுதண்டு விட்டுப் படர்ந்து, வேண்டிய மட்டும் கிடக்கும்.

தாவரவியல் நூலைப் புரட்டியபோது எனக்குக் கை நின்றுவிட்டது. வல்லாரையும் பாஸ்லியும் ஒரே குடும்பம். குடைக்கம்பிகளைப் போலப் பூக்காம்பு விரிகிற குடும்பம் அது. எங்கள் குசினித் தட்டில் அதன் ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள்: மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை, பெருங்காயம். கரட்டும் அதே. கி.மு. 399இல் சோக்கிரதீசுக்குக் கொடுத்த ஹெம்லொக் நஞ்சும் அதே குடும்பந்தான். எந்தப் பெரிய குடும்பத்திலும் ஒருவர் அப்படி இருப்பார், கலியாணப் பேச்சில் அவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. தடிமன் பிடித்தால் மல்லி அவித்துக் குடிக்கிறோம், வயிறு ஊதினால் ஓமம் போடுகிறோம். ஒரு குடும்பத்தையே இவ்வளவு காலம் தின்றுவிட்டு, அதில் ஒருவரை மட்டும் வாசலில் நிறுத்தி வடிவு பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

சமையல், முந்தைய ஆய்வுகள் பற்றிய திருத்தம்

ஒரு காலை, கோழியைத் தேடி வேலியைத் தாண்டி வந்தா பக்கத்து வளவு அக்கா. சாடியைக் கண்டதும் கோழியை மறந்துவிட்டா.

“அட, பக்தூனிஸ்! இத எங்க தம்பி பிடிச்சீங்க?”

அவ பெய்ரூட்டில் ஏழு வருசம் வீட்டு வேலை செய்து வந்தவ. எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் போய்வந்த பெண்கள் எத்தனையோ பேர். என் பெயராய்வுக்கு மூன்று அகராதியும் ஒரு மாதமும் செலவான அந்தச் சொல் வேலிக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

“அங்க இருந்தது தட்டை இல. இது சுருட்டை. ஆனா மணம் அதுதான்,” என்று ஒரு நுனியைக் கசக்கி முகர்ந்தா. “தபூலே எண்டு ஒண்டு செய்வாங்க. கட்டுக் கட்டா இத அரியணும். மூண்டு தண்ணில கழுவி, துணில ஒத்தி, நல்ல கூர்க் கத்தியால ஒருக்காத்தான் வெட்டணும். திரும்பத் திரும்பக் கொத்தினா கறுத்துப் போகும். கோதுமைக் குறுணி ஒரு பிடிதான், மிச்சமெல்லாம் இல. மெடம் பக்கத்துல நிப்பா. தடிச்சா ஏசுவா. ஏழு வருசம் நான் வெட்டின இலைய இந்த வாவிக்குள்ள போட்டா மீன் பாடாது தம்பி, தும்மும்.”

ஆகவே ‘முந்தைய ஆய்வுகள் இல்லை’ என்ற கூற்று இதனால் திருத்தப்படுகிறது. இந்த இலையை வடிவுக்கு வைக்காமல் வயிற்றுக்கு வைக்கிற நாட்டில், ஏழு வருசக் களப்பணி முடித்த ஆய்வாளர் வேலிக்கு அப்பால் இருந்திருக்கிறார். அவரை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. நான் உட்பட.

பிறகு நடந்தவற்றில் எனக்குப் பங்கில்லை. பெத்தா திருவலையில் ஏறி உட்கார்ந்து அரைமூடித் தேங்காய் திருவினா. அக்கா மூன்று செடியிலிருந்தும் வெளிக்காம்புகளை மட்டும் அடியோடு ஒடித்தா. நடுக்குருத்தை விட்டால் திரும்ப வளரும். சுருளுக்குள் மணல் ஒளிந்திருக்கும் என்று நான்கு தண்ணீரில் அலசினா. அரிந்த இலை இரண்டு பிடி, தேங்காய்ப்பூ ஒன்றரைப் பிடி, சின்ன வெங்காயம் ஆறு, பச்சைக் கொச்சிக்காய் இரண்டு, இடித்த மாசி ஒரு கரண்டி, உப்பு, கடைசியில் தேசிக்காய்ப் புளி. இந்தச் சம்பலுக்கு அடுப்பு மூட்டவில்லை. சூடு பட்டால் இந்த இலையின் மணம் பறந்துவிடும். கறிக்குப் போடுவதானாலும் இறக்கிய பிறகு தூவ வேண்டும். காம்பை எறியாமல் மீன் சொதிக்குள் போட்டு, பரிமாறுமுன் எடுத்துவிட்டோம். இலையை விடக் காம்பில்தான் சாரம் கூட.

சமையலில் சுருள் இலை தட்டை இலையிலும் கொஞ்சம் விறைப்பு, மணம் கொஞ்சம் மட்டு. தனியே மென்றால் வைக்கோல் ஞாபகம் வரும். மருமகன் துப்பியதில் பிழையில்லை. ஆனால் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு பிசைந்தால் அந்த விறைப்பே நல்லதாகப் போகிறது, வல்லாரையைப் போலத் தண்ணீர் விட்டுச் சோர்வதில்லை. நூறு கிராமில் 130 மில்லிகிராமுக்கு மேல் உயிர்ச்சத்து சி இருக்கிறது. உயிர்ச்சத்து கே அளவுக்கு மிஞ்சி இருப்பதால், இரத்தம் உறையாமலிருக்க வாபரின் குளிசை போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பிடி பிடியாகத் தின்னக் கூடாது. தட்டு ஓரத்துக் கொத்து ஒன்றால் எவருக்கும் ஒன்றும் ஆகாது.

பெத்தா ஒரு வாய் சோற்றோடு எடுத்து, கண்ணை மூடி மென்றா. ஆய்வுக்குழு காத்திருந்தது.

“நல்லாத்தான் கிடக்கு. வல்லாரைக்குத் தங்கச்சி முறை,” என்றா.

குடும்ப விவரத்தை நான் அவவுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கு மருமகனும் வந்திருந்தான். இலையின் பெயரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இரண்டாம் தரம் சம்பல் கேட்டான். சட்டி வழித்தெடுத்த பிறகு மிஞ்சியது ஒன்றுமில்லை. கலியாண விருந்தில் எட்டுக்கு எட்டும் மிஞ்சியதோடு இதை ஒப்பிட்டுக்கொள்க.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். இனி பாசிக்குடாப் பக்கம் விருந்துக்குப் போய், தட்டின் ஓரத்தில் அந்தச் சுருட்டை இலையைக் கண்டால் விட்டுவிட்டு வராதீர்கள். எட்டுத் தட்டிலும் உள்ளதைக் கூட்டி ஒரு கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அரைமூடித் தேங்காய்க்குச் சரியாக இருக்கும்.